காலப் பிழை: ‘தீபன்’ படமும் ஒரு கட்டுரைத்தாளும்

சில ஆண்டுகளுக்கு முன் என் உயர்நிலை 3 வகுப்புக்கு ‘என்னால் மறக்க முடியாத ஒரு நாள்’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன். நீங்களும் கொடுத்திருப்பீர்கள். நம்ம எல்லாருடைய கோப்பிலும் இருக்கிற தலைப்புதான். வழக்கம்போலப் பெரும்பாலான பிள்ளைகள் போட்டியில் வென்றது, பணப்பையைக் கண்டெடுத்து ஒப்படைத்தது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும், தன் அப்பா வீட்டு மாடியில் மின்தூக்கி வாசலில் மயங்கி விழுந்த மாலையை எழுதியிருந்தான். (அவன் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கட்டுரை நன்றாக இருந்தது. முதல் பக்கம் முழுக்க இறந்தகாலம். பள்ளி விட்டு வந்தேன், கீழே கடையில் தேநீர் வாங்கினேன், அப்பாவுக்கு மேலே எடுத்துப் போனேன் என்று ஒழுங்காகப் போகிறது. இரண்டாம் பக்கத்தில் திடீரென்று காலம் மாறுகிறது. கதவு திறக்கிறது. அப்பா சாய்கிறார். தேநீர் என் காலில் கொட்டுகிறது. அடுத்த பத்தியில், மருத்துவமனையில், மறுபடியும் இறந்தகாலம். நான் அந்த வினைச்சொற்களை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘காலம் சீராக இல்லை’ என்று எழுதினேன்.

அதோடு விட்டேனா? இல்லை. நல்ல மதிப்பெண் போட்டு, மறுநாள் மாதிரிக் கட்டுரையாக வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுவதும் அவன் எந்தக் கட்டுரையையும் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. சோம்பல் என்று நினைத்தேன். பெற்றோர் சந்திப்பில் அவனுடைய அம்மா சொன்னார்: “அவங்க அப்பா இப்போ நல்லா இருக்காரு சார். வேலைக்குக்கூடப் போறாரு. இவன்தான் இன்னும் லிஃப்டுல ஏற மாட்டேங்குறான். ஒன்பதாவது மாடி சார், புத்தகப் பையோட படியேறி வர்றான்.”

அவனுக்கு என்ன என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது ஆலோசகரும் மருத்துவரும் பார்க்க வேண்டியது. ஆனால் அந்த விடுமுறையில் ‘தீபன்’ படத்தை மறுபடியும் பார்த்தபோது, நான் வட்டமிட்டது என்ன என்று புரிந்தது. படம் எதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது, எங்கே தடுமாறுகிறது, அதிலிருந்து கட்டுரை திருத்துகிற நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இது வகுப்பில் போட்டுக் காட்டுகிற படமல்ல. வன்முறையும் வசவும் நிறைய. ஆசிரியர்கள் நாம் பார்க்க வேண்டிய படம்.

படம் எதைப் பற்றியது?

‘தீபன்’ பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்தது. 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பிரெஞ்சுப் படம் என்றாலும் உரையாடலில் பெரும்பகுதி ஈழத்தமிழ். நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. ‘கொரில்லா’, ‘ம்’ நாவல்களை எழுதியவர். இளவயதில் இயக்கத்தில் இருந்து, பிறகு விலகி, பிரான்சில் அடைக்கலம் தேடியவர்.

கதை சுருக்கமாக இது. 2009இல் போர் முடிகிறது. தோற்ற படையின் போராளி ஒருவன், தன் தோழர்களின் உடல்களை எரித்துவிட்டுச் சீருடையைக் கழற்றுகிறான். முகாமில் அவனையும், யாழினி என்ற பெண்ணையும், இளையாள் என்ற ஒன்பது வயதுச் சிறுமியையும் ஒரு குடும்பமாகச் சேர்த்து, இறந்துபோன வேறொரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் அனுப்பிவைக்கிறார்கள். சிவதாசன் என்பவன் தீபன் ஆகிறான். பாரிசின் புறநகரில், போதைப்பொருள் கும்பல் ஆதிக்கம் செலுத்தும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுக்குப் பராமரிப்பாளர் வேலை கிடைக்கிறது. ஒருவருக்கொருவர் யாருமே இல்லாத மூவர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். மூவருக்கும் பின்னால் ஒரு போர் இருக்கிறது.

படம் சரியாகச் செய்தது

இந்தப் படத்தில் போர்க்களக் காட்சி வழியாகப் பின்னோக்கிப் போவது கிடையாது. நம்ம சினிமாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘அந்நியன்’ (2005) படத்தில் நாயகனின் மனப்பிளவுக்குக் காரணம் சிறுவயதில் தங்கை மின்சாரம் பாய்ந்து இறந்தது. அதை மருத்துவர் கண்டுபிடிக்கிறார், நமக்குக் காட்சியாகக் காட்டுகிறார்கள், முடிச்சு அவிழ்கிறது. அங்கே பழைய நிகழ்வு ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, திறந்து பார்க்கலாம். ‘தீபன்’ படத்தில் பெட்டியே இல்லை. போர் இவனுடைய இப்போதைய நடத்தைக்குள் இருக்கிறது. ஓர் இரவு அடித்தளத்தில் தனியாகக் குடித்துவிட்டு, பழைய போர்ப்பாட்டு ஒன்றைத் தனக்குத் தானே உரக்கப் பாடுகிறான். குடியிருப்பில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக் கோடு போட்டு, இது சுடக்கூடாத வலயம் என்று அறிவிக்கிறான்.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக்கார இளைஞர்களுக்கு அது ஒரு வேடிக்கை. நமக்கு அப்படி இல்லை. 2009இன் தொடக்கத்தில் வன்னியில் அரசு அறிவித்த பகுதிக்கும் ‘சுடக்கூடாத வலயம்’ என்றுதான் பெயர். பாதுகாப்பு என்று நம்பி மக்கள் அதற்குள் போனார்கள். அங்கேயும் எறிகணை விழுந்தது. தன்னைக் காப்பாற்றாத அதே சொல்லை இவன் மறுபடியும் தரையில் வரைகிறான். அவனைப் பொறுத்தவரை பாரிஸ் புறநகரும் வன்னியும் வேறு வேறு இடங்களாக இல்லை. 2009உம் இன்றும் வேறு வேறு காலங்களாகவும் இல்லை. வசனம் எதுவும் இதை விளக்குவதில்லை. கோடு மட்டும் இருக்கிறது.

இது வெறும் கலைநயம் இல்லை, மருத்துவரீதியாகவும் துல்லியம். நாம் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் நிலையின் மையமே இதுதான்: நடந்து முடிந்த ஒன்று, நடந்து முடியாததாக உடலுக்குள் இருப்பது.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல்

பி.டி.எஸ்.டி.க்குத் தமிழில் என்ன சொல்வது? தமிழாசிரியர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்பது பரவலாக இருக்கிற மொழிபெயர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்ம பிள்ளைகள் தேர்வு வந்தாலே ‘மன அழுத்தமா இருக்கு சார்’ என்கிறார்கள். செய்தித்தாளில் தீராத சோகத்துக்கும் அதே சொல். மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தால், படியேறிப் போகும் பையனுக்கும் தேர்வுக்குப் பயப்படும் பையனுக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: கொஞ்சம் ஓய்வெடு, சரியாயிடும்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘மனவடு’. இலங்கைத் தமிழில் இன்று அந்தச் சொல் ஊன்றிவிட்டது. தொடக்கத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வடு என்றால் ஆறிய புண்ணின் தழும்பு ஆச்சே, இது ஆறாத ஒன்று ஆச்சே என்று. பிறகு ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தை நினைத்துப் பார்த்தேன். வள்ளுவர் அங்கே ஆறிவிடுவதைப் புண் என்கிறார், ஆறாததைத்தான் வடு என்கிறார். அந்தப் பொருளில் மனவடு மிகச் சரியான சொல். இந்தக் கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன்.

சொல் புதிது என்றாலும் நிலை புதிதல்ல. முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து வந்த வீரர்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்ல்ஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்று மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் கலக்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். கோழைத்தனம் என்பது இராணுவத்தில் பலரின் விளக்கம். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் அழுத்தத்துக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைச் சேர்த்தது.

இன்றைய வரையறையில் அறிகுறிகள் நான்கு தொகுதிகள். ஒன்று, நினைவு அழைக்காமலே வருவது: கனவு, திடீர்க் காட்சி, ஒரு வாசனை வந்ததும் உடல் நடுங்குவது. இரண்டு, தவிர்ப்பது: அந்த இடத்தை, பேச்சை, பொருளை. மூன்று, எண்ணமும் மனநிலையும் இருள்வது: எல்லாம் என்னால்தான் என்ற குற்றவுணர்வு, யாரிடமும் ஒட்டாமை. நான்கு, எப்போதும் விழிப்புநிலை: தூக்கமின்மை, எரிச்சல், சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் அது நோய். பயங்கரத்தைப் பார்த்த பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். இதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அழுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் பெயர் சூட்டிவிடக் கூடாது.

நேரடியாகப் பாதிக்கப்பட்டவருக்குத்தான் வரும் என்பதும் இல்லை. கண்ணெதிரே பார்த்தவருக்கும் வரலாம். விழுந்தவர் பிழைத்து வேலைக்குப் போகிறார். பார்த்தவன் ஒன்பது மாடி ஏறுகிறான்.

நான் வட்டமிட்ட வினைச்சொற்கள்

இப்போது கட்டுரைத்தாளுக்கு வருவோம். 2004இல் பிரிட்டனில் ஹெல்லவெல், பிரூவின் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனவடு உள்ளவர்களை, நடந்ததை விரிவாக எழுதச் சொன்னார்கள். பிறகு, எழுதும்போது எந்தெந்தப் பகுதியில் நிகழ்வு மறுபடியும் நடப்பதுபோல இருந்தது என்று அவர்களையே குறிக்கச் சொன்னார்கள். அந்தப் பகுதிகளில் புலன்சார்ந்த விவரங்கள் அதிகம் இருந்தன. நிகழ்கால வினைகளும் அதிகம் இருந்தன.

இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. கதவு திறக்கிறது, அப்பா சாய்கிறார், தேநீர் கொட்டுகிறது. நான் அதை இலக்கணமாக மட்டும் பார்த்தேன்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். நிகழ்காலத்தில் எழுதுகிற பிள்ளைக்கெல்லாம் மனவடு என்று நான் சொல்லவில்லை. விறுவிறுப்புக்காகக் காலத்தை மாற்றச் சொல்லி நாமே சொல்லிக் கொடுக்கிறோம். கவனக்குறைவாலும் மாற்றுவார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: உண்மை நிகழ்வு பற்றிய கட்டுரையில், மிகக் கடுமையான இடத்தில் மட்டும் காலம் மாறி, பிறகு தானாகச் சரியானால், அதைப் பிழையாகக் குறிக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

சிகிச்சை என்பதும் ஒரு வகையில் காலத்தைச் சரிசெய்வதுதான். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். கதைசொல்லல் வழிச் சிகிச்சை என்று அதைச் சொல்லலாம். அவர்களுடைய விளக்கம் எளிமையானது. நினைவில் சூடான பகுதி உண்டு: சத்தம், வாசனை, பயம், உடல்நடுக்கம். குளிர்ந்த பகுதி உண்டு: எங்கே, எப்போது, யார், அதற்கு முன் என்ன, பின் என்ன. மனவடுவில் சூடான துண்டுகள், இடமும் காலமும் இல்லாமல் தனியாக அலைகின்றன. அதனால்தான் அவை எப்போது வந்தாலும் ‘இப்போது’ என்றே வருகின்றன.

இந்த முறையில் முதலில் தரையில் ஒரு கயிற்றைப் போடுகிறார்கள். அதுதான் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ வைக்கிறார்கள், கெட்டது நடந்த இடத்தில் கல் வைக்கிறார்கள். பிறகு பல அமர்வுகளில், பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லப்படுகிறது. கல் இருக்கும் இடம் வந்ததும் மெதுவாக, விரிவாக. அப்போது உடலில் என்ன நடந்தது, இப்போது சொல்லும்போது என்ன நடக்கிறது, இரண்டும் வேறு என்று சிகிச்சையாளர் தொடர்ந்து நினைவூட்டுகிறார். அவர் அதை எழுதி, அடுத்த அமர்வில் திரும்ப வாசிக்கிறார். கடைசியில் அந்த வாழ்க்கைக் கதை எழுத்தாக அவரிடமே கொடுக்கப்படுகிறது.

வேறு முறைகளும் உண்டு. நிகழ்வை மையமாக்கிய அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, எட்னா ஃபோவாவின் படிப்படியான எதிர்கொள்ளல், கண்ணசைவைப் பயன்படுத்தி ஃபிரான்சின் ஷபிரோ உருவாக்கிய முறை ஆகியவை பரவலாக ஏற்கப்பட்டவை. சிலருக்கு மருந்தும் உதவுகிறது. ஃபோவாவின் முறையில் நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லச் சொல்லியே கேட்கிறார்கள், ஆனால் பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவரோடு, திரும்பத் திரும்ப. வழிகள் வேறு. பேசுவதற்கு ஓர் ஒழுங்கும், கேட்பதற்குப் பழகிய ஒருவரும் வேண்டும் என்பது இவற்றுக்குப் பொது.

அந்த ஒழுங்கு இல்லாமல் பேசவைத்தால்? விபத்து நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் மனத்தைக் கொட்டச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் உலகமெங்கும் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது மனவடுவைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது, சிலருக்குக் கெடுதலும் செய்திருந்தது. ‘மனசுல இருக்கறத எழுதிடு, பாரம் குறையும்’ என்று நாம் வகுப்பில் சொல்வது இதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் எழுது, நான் திருத்துகிறேன், வகுப்பில் வாசிக்கிறேன்: இது சிகிச்சையின் எதிர்ப்பக்கம்.

படம் தடுமாறும் இடம்

இனி ‘தீபன்’ படத்தின் குறைக்கு வருகிறேன். விருதுக்காக நாம் கைதட்டலாம். விமர்சனத்தை விட்டுவிட வேண்டாம்.

கடைசியில், யாழினி வேலை பார்க்கும் வீட்டில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. அவளை மீட்கத் தீபன் கத்தியோடும் துப்பாக்கியோடும் புகை நிறைந்த படிக்கட்டில் ஏறுகிறான். வழியில் வருபவர்களைக் கொல்கிறான். அடுத்த காட்சி இங்கிலாந்து. வெயில், தோட்டம், நண்பர்கள், கைக்குழந்தை. ஒரு கை அவன் தலையைக் கோதுகிறது. படம் முடிகிறது.

இது கனவுதான் என்று சிலர் வாசிக்கிறார்கள். அப்படியே இருந்தாலும், அந்தக் கனவு சொல்வது என்ன? ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக, போர் ஒருவனுக்குள் எப்படி நிற்கிறது என்று பொறுமையாகக் காட்டிய படம், கடைசியில் இன்னொரு போரைக் கொடுத்து அவனைக் குணப்படுத்திவிடுகிறது. இந்த முறை ஜெயித்துவிட்டான், இந்த முறை காப்பாற்றிவிட்டான், ஆகவே தீர்ந்தது. ‘அந்நியன்’ பெட்டியைத் திறந்து குணப்படுத்தினால், ‘தீபன்’ படிக்கட்டில் ஏறிக் குணப்படுத்துகிறது. மனவடு உள்ளவரின் உடல், ஆபத்து இன்னும் முடியவில்லை என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை சரிதான் என்று நிரூபிக்கிற காட்சியை மருந்தாகக் கொடுப்பது, நிஜத்தில் காயத்தை ஆழமாக்கும். மனவடு உள்ளவர் கத்தியோடு திரிவார் என்ற பழைய பயத்தையும் அது தூண்டிவிடுகிறது. நிஜத்தில் பெரும்பாலோர் அந்தக் கோபத்தைத் தங்களுக்குள்ளேதான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதே படத்தில் வேறொரு மருந்து, சத்தமில்லாமல் இருக்கிறது. அது இளையாளின் கதை. எனக்கு அதுதான் படத்தின் உயிர்.

பெற்றோரை இழந்த குழந்தை, மொழி தெரியாத பள்ளிக்குப் போகிறது. பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்காதபோது ஒருத்தியை அடித்துவிடுகிறது. பள்ளியின் பார்வையில் அது ஒழுங்குப் பிரச்சினை. வீட்டிலோ யாழினிக்கும் அவளை வளர்க்கத் தெரியவில்லை, விருப்பமும் இல்லை. இங்கிலாந்துக்கு ஓடிவிடப் பார்க்கிறாள். ஒரு நாள் பள்ளி வாசலில் இளையாள் யாழினியிடம், மற்ற அம்மாக்களைப் போல ஒரு முத்தம் கொடுக்கச் சொல்கிறாள். கேட்டு வாங்குகிற முத்தம். நடிப்பாக வாங்குகிற முத்தம். அதிலிருந்துதான் அந்தப் பொய்க் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் ஏராளமாக வந்தார்கள். கையில் அறிகுறிப் பட்டியல் இருந்தது. பலருக்கு மொழி தெரியாது. இந்த அவசரத்தை ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளிவந்த தன் நூலில் கடுமையாக விமர்சித்தார். இலங்கையில் ஆய்வு செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் கருத்தை அவர் முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்: அங்குள்ளவர்கள் தங்கள் துன்பத்தை மனத்துக்குள் இருக்கும் அறிகுறியாக மட்டும் சொல்வதில்லை, உறவில் தன் இடம் போனதாகச் சொல்கிறார்கள். யாருக்கு மகளாக இருப்பது, யாருக்கு அண்ணனாக இருப்பது என்பது உடைந்துபோவதுதான் அவர்களுக்குக் காயம். இளையாள் கேட்ட முத்தம் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டதுதான். பின்னர் சுற்றியிருப்பவர்களின் ஆதரவு இல்லாமல் போவதுதான் மனவடு நிலைப்பதற்கான வலுவான காரணங்களில் ஒன்று என்று மேலைநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஓடியார் இதைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கடைசியில் அதை நம்பாமல் கத்தியை எடுத்துவிட்டார் என்பதுதான் என் குறை.

வடகிழக்கு இலங்கையில் நடந்தது

ஆசிரியர்களுக்கு இதில் வேலை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் எல்லையோடு.

மேலே சொன்ன கான்ஸ்டன்ஸ் குழுவினர் இலங்கையின் வடகிழக்கில் தமிழாசிரியர்களுக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்து அவர்களோடு சேர்ந்து பணியாற்றினார்கள். சுனாமிக்குப் பின் அங்கே நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. போரையும் சுனாமியையும் கண்ட 31 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 6 அமர்வுகள் கதைசொல்லல் வழிச் சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு 6 அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் மனவடு தீரக்கூடியது, தமிழில் தீரக்கூடியது, அதற்கு ஒரே ஒரு கதவு இல்லை என்பதற்கு இது சான்று.

அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. நமக்கு இல்லை. என் பட்டயப் படிப்பில் கட்டுரை திருத்தும் முறையைப் படித்தேன்; இதைப் படிக்கவில்லை. ஆகவே நாம் சிகிச்சை செய்யப் போவதில்லை. கெடுக்காமல் இருக்கவும், சரியான ஆளிடம் சேர்க்கவும் கற்றுக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமே பார், கேள், இணை என்ற மூன்று சொற்கள்தான்.

நான் இப்போது செய்வது

இவை விதிகள் அல்ல. தப்பு செய்த பிறகு எனக்கு நானே வகுத்துக்கொண்டவை.

1. ‘மறக்க முடியாத நாள்’ போன்ற தலைப்பு கொடுத்தால், கற்பனையாகவோ பிறர் அனுபவமாகவோ எழுதலாம் என்று வாய்திறந்து சொல்கிறேன். கூடவே முற்றிலும் வேறு ஒரு தலைப்பும் கொடுக்கிறேன்.

2. சோகம் இருந்தால் மதிப்பெண் கூடும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதில்லை. விபத்தும் மரணமும் கட்டுரைக்குச் சுவையூட்டும் பொருள் அல்ல.

3. உண்மையாகத் தோன்றும் கடுமையான நிகழ்வு வந்தால், அந்தத் தாளை மற்ற தாள்களோடு சேர்த்துத் திருத்துவதில்லை. முதலில் படிக்கிறேன். பேனாவைக் கீழே வைக்கிறேன்.

4. தனியாக, கதவு திறந்திருக்கும் இடத்தில், சுருக்கமாகப் பேசுகிறேன். ‘படிச்சேன். எழுதினதுக்கு நன்றி. இப்போ எப்படி இருக்கே?’ அவ்வளவுதான். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று துருவுவதில்லை. அவன் சொன்னால் கேட்கிறேன்.

5. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பதில்லை. பள்ளி ஆலோசகரிடம் பேசலாமா, நானும் கூட வரட்டுமா என்று கேட்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கேட்பதில்லை, அன்றே சொல்லிவிடுகிறேன்.

6. மாணவரின் சொந்த அனுபவத்தை அனுமதி இல்லாமல் வகுப்பில் வாசிப்பதில்லை, எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

7. இலக்கணப் பிழையைத் திருத்தாமல் விடுவதுமில்லை. மொழியைப் பற்றிய குறிப்பைத் தனித்தாளில், பிறகு கொடுக்கிறேன். அவன் எழுதிய அந்தப் பத்தியின் மேல் சிவப்பு மை படுவதில்லை.

அந்த மாணவன் பிறகு ஆலோசகரைப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆண்டு இறுதியில் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அன்று வாசித்தது தப்பு என்று. ‘பரவால்ல சார்’ என்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ‘நீங்க வாசிச்சப்ப அது வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சு சார். அதுதான் பிடிக்கல’ என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

உங்கள் பள்ளியின் கற்றல் குழுவில் இதைப் பேசிப் பாருங்கள். உங்கள் கோப்பில் இருக்கும் கட்டுரைத் தலைப்புகளில் எத்தனை, பிள்ளைகளின் சொந்தக் காயத்தைக் கேட்கின்றன? அப்படி ஒரு தாள் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்; அடுத்த மடலில் சேர்ந்து படிப்போம்.